நடை: மாதவி

உட்கார்ந்திருக்கும்போது மாதவியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாற்பத்து மூன்று வயது, நீலாய் தொழிற்சாலை ஒன்றில் லைன் லீடர், லாரி ஓட்டும் புனிதனின் மனைவி, ஷாமினியின் அம்மா. அவ்வளவுதான். ஆனால் அவள் எழுந்து நாலடி நடந்துவிட்டால் போதும், கூட இருப்பவர்களுக்கு வயிறு வலிக்க ஆரம்பித்துவிடும்.

மாதவி நடப்பாள். பேசமாட்டாள், முகத்தைக் கோணமாட்டாள். வெறுமனே நடப்பாள். தொழிற்சாலை மேனேஜர் செருப்பில் சூயிங்கம் ஒட்டிக்கொண்டவர் மாதிரி இடது காலை இழுத்து வைப்பாரே, அந்த நடை. கோயில் பூசாரி தட்டை ஏந்தாத நேரத்திலும் தட்டை ஏந்தினாற்போலவே கையை வைத்துக்கொண்டு வருவாரே, அந்த நடை. கேண்டீனில் மலாய்க்காரத் தோழிகள் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள். "லாகி, லாகி!" என்று இன்னும் கேட்பார்கள். மேனேஜர் உள்ளே வந்துவிட்டால் எல்லாரும் தட்டில் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். அவர் நடக்க நடக்கச் சோற்றுப் பருக்கைகள் மூக்கு வழியாக வரும்.

இந்த வித்தை எங்கே வந்தது என்று கேட்டால் பெரட்டில் வந்தது என்பாள். கோலா சாவா பக்கத்துத் தோட்டத்தில் அவள் பிறந்த லயத்து வீடு, பெரட்டுக் களத்துக்குப் போகும் சடக்கைப் பார்த்தபடி இருந்தது. விடிவதற்கு முன்னால் ஆட்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கப் போவார்கள். ஒரே பனிமூட்டம். முகம் தெரியாது, சட்டை நிறம் தெரியாது. கால் மட்டும்தான் தெரியும். "யாரு புள்ள போறது?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்பாள். ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் மாதவி, "ராமசாமி மாமா. பின்னால அவரு சம்சாரம். சண்ட போட்டுக்கிட்டுப் போறாங்க" என்பாள். சரியாகவே இருக்கும். இதில் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. அந்தத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் பனிக்குள் வருகிறவர் இன்னார் என்று நடையை வைத்தே சொல்லிவிடுவார்கள். மற்றவர்கள் பார்த்துச் சொன்னார்கள். மாதவி பார்த்ததை அப்படியே தன் காலில் வாங்கி வைத்துக்கொண்டாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

கித்தா என்கிற ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் போய்த் தோட்டத்தின் ஓரத்திலேயே தமான் என்று ஒரு புதுக் குடியிருப்பு வந்தது. மாதவி தொழிற்சாலை பஸ் ஏறினாள், கல்யாணம் கட்டினாள், பிள்ளை பெற்றாள். கல்யாண வீடுகளில் சாப்பாடு முடிந்ததும் யாராவது ஒருவர், "மாதவியைக் கூப்புடு, நடக்கச் சொல்லு" என்பார்கள். அவளும் நடப்பாள். அதுவரைக்கும் அது வெறும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அண்ணன் மகன் கல்யாணத்தில்தான் அது வம்பாகிப் போனது.

அண்ணன் என்றால் சன்னாசி. கூடப் பிறந்தவர் அவர் ஒருத்தர்தான். தம்பினில் லாரி டயர் கடை வைத்திருக்கிறார், அங்கே ஒரு கோயிலுக்குத் தலைவர், கூப்பிட்ட சபைக்கெல்லாம் பொன்னாடை வாங்கப் போவார். அவர் நடையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். முதலில் வயிறு வரும். பிறகு நெஞ்சு. அதன்பின் சற்றுத் தாமதித்துத் தலை வரும். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கோத்திருக்கும். பாதங்கள் வாத்துக்குப் போல வெளியே விரிந்திருக்கும். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நின்று, மோவாயைத் தூக்கி, இடப்பக்கம் ஒரு பார்வை, வலப்பக்கம் ஒரு பார்வை. உலகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி வயிறு கிளம்பும்.

சிரம்பானில் பெரிய மண்டபம். விருந்து முடிகிற நேரம். யாரோ மாதவியை மேடைக்குத் தள்ளினார்கள். பூசாரியை நடந்தாள், மேனேஜரை நடந்தாள், சம்பந்தி வீட்டுக் கிழவர் ஒருவரைக்கூட நடந்தாள். கைதட்டல் ஏறிப்போனால் மனுஷிக்கு நிதானம் இருக்குமா? அண்ணனையும் நடந்தாள்.

மண்டபம் உருண்டது. பெண்ணைப் பெற்றவர் சிரித்த சிரிப்பில் ரோஸ் சிரப் அவர் வேட்டியில் கொட்டியது. அந்த நேரம் பார்த்து, வெளியே விருந்தாளிகளை வழியனுப்பிவிட்டு, சன்னாசி உள்ளே வந்தார். வயிறு, நெஞ்சு, தலை. மேடையில் ஒன்று, வாசலில் ஒன்று. நின்றார். மோவாயைத் தூக்கினார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். மேடையில் மாதவி அப்போதே சிலையாகிவிட்டாள். அவர் பார்த்தது எல்லாருடைய வாயையும்தான். அத்தனை வாயும் தன்னைப் பார்த்துத்தான் திறந்திருக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது.

அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு தீபாவளி போனது. அண்ணன் வீட்டு முறுக்கு வரவில்லை. மாதவி அனுப்பிய பலகாரம் டப்பா திறக்காமல் திரும்பி வந்தது. "டேப்பைக்கூடப் பிரிக்கல லா" என்று புனிதன் அந்த டப்பாவை மேசையில் வைத்தபோது மாதவி அழுதாள். அழுதுகொண்டே அதிலிருந்த முறுக்கைத் தின்றாள். நமுத்துப் போயிருந்தது.

ஆனால் போனது ஒரு வழி என்றால் வந்தது இன்னொரு வழி. அந்த மேடை நடையை யாரோ கைப்பேசியில் பிடித்து விட்டிருந்தார்கள். அது ஊர் சுற்றி நீலாயில் யோகேந்திரன் என்ற பையனிடம் போய் நின்றது. பையன் என்றாலும் முப்பதைத் தாண்டியவன். கடைவீட்டு மாடியில் ஒரு ஸ்டூடியோ வைத்து அனிமேஷன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். சிலம்பப் படம். பெயர் 'மூங்கில்மகள்'. கம்பு சுற்ற அவனிடம் ஆட்கள் இருந்தார்கள், கிள்ளானிலிருந்து வந்த கெட்டிக்காரப் பிள்ளைகள். நடக்கத்தான் ஆள் இல்லை.

"அக்கா, எல்லாப் பிள்ளைங்களும் ஒரே மாதிரி நடக்குதுங்க. ராஜாவும் சமையக்காரனும் ஒரே நடை. நீங்க வந்து நடந்து குடுங்க."

"நானா? படத்துலயா? எம் மூஞ்சி வருமா?"

"மூஞ்சி வராதுக்கா. காலு வரும்."

சனிக்கிழமைகளில் போனாள். உடம்போடு ஒட்டிய கறுப்பு உடுப்பு ஒன்று கொடுத்தார்கள். அதில் மூட்டுக்கு மூட்டு வெள்ளை உருண்டைகள். கண்ணாடியில் பார்த்தபோது ஜவ்வரிசி ஒட்டிய கத்திரிக்காய் மாதிரி இருந்தாள். படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள். "அம்மா, தயவு செஞ்சு இத எனக்கு வரப்போற மாமியார் வீட்டு குரூப்ல போட்றாத" என்று ஷாமினி பதில் போட்டாள்.

சுற்றிலும் கேமராக்கள். நடுவில் வெறும் தரை. திரையில், ஜவ்வரிசி உருண்டைகள் மட்டும் நடக்கும். கொஞ்ச நேரத்தில் அவை ஒரு காவல்காரனாக, ஒரு கிழவியாக, மூன்று கால் நாயாக மாறும். மாதவி திரையைப் பார்த்துக் கத்துவாள், "அலாமாக், நாந்தான் நாயி!" அந்த வீட்டு மாடி அதிர அதிரச் சிரித்தது. ஒருமுறை உற்சாகத்தில் கம்பையும் சுற்றிக் காட்டுகிறேன் என்று ஆரம்பித்து மேலே தொங்கிய விளக்கை உடைத்தாள். அதன்பிறகு அவள் கையில் கம்பு கொடுக்கவேண்டாம் என்று சுவரில் எழுதி ஒட்டினார்கள்.

கதை என்ன என்று யோகேந்திரன் முழுதாகச் சொல்லவில்லை. துண்டு துண்டாகத்தான் நடக்கச் சொன்னான். அதில்தான் வினை.

"இப்ப ஒரு பெரிய ஆளுக்கா. வேங்கைக்கோன். ஊரே தனக்குச் சொந்தம்னு நெனைக்கிறவன். நடங்க."

மாதவிக்கு உடனே யார் ஞாபகம் வந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆனால் அந்த நடையை இனி நடப்பதில்லை என்று அவள் சாமி படத்துக்கு முன் சூடம் ஏற்றிச் சொல்லியிருந்தாள். ஆகவே மேனேஜரை நடந்தாள். சரிவரவில்லை. கோயில் யானையை நடந்தாள். "யானை பாவம்க்கா, அது நல்லது மாதிரி இருக்கு" என்றான். சேவலை நடந்தாள். பகல் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. களைத்துப்போய், தண்ணீர் குடிக்க மூலைக்குப் போனாள். போகும்போது, இந்த நேரம் அண்ணன் கடையில் என்ன செய்துகொண்டிருப்பாரோ என்று ஒரு நினைப்பு ஓடியது. அவ்வளவுதான்.

"அதுதான்! அதுதான்! ஓடிக்கிட்டிருந்துச்சா? புடிச்சிட்டீங்களா?" என்று யோகேந்திரன் நாற்காலியிலிருந்து குதித்தான்.

மாதவி திரும்பித் திரையைப் பார்த்தாள். வெள்ளை உருண்டைகளில் முதலில் வயிறு வந்தது. பிறகு நெஞ்சு. அதன்பின் தலை.

"வேணாம் தம்பி. அது வேணாம்."

"ஏன்க்கா? இதுக்குத்தான காலையிலேர்ந்து காத்துக்கிட்டு இருக்கோம்!"

ஏன் என்று எப்படிச் சொல்வது? "புலித்தோல் போத்தின ராட்சசன்க்கா, பனைமரம் ஒசரம். யாருக்குத் தெரியப் போவுது?" என்றான். அவளும் அதையே தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

கடைசிச் சனிக்கிழமை, "ஒரு அம்மா, பனியில நடந்து போறாங்க. மூஞ்சி தெரியாது. அவ்வளவுதான்" என்றான். மாதவி யோசிக்கவே இல்லை. நடந்தாள். குட்டிக் குட்டி எட்டு, வேக வேகமாக. இடுப்புக்கு மேல் ஒரு துளி அசையவில்லை. வலது தோள் மட்டும் ஒரு விரல் உயரம் தூக்கியிருந்தது.

"அந்தத் தோள் ஏன்க்கா அப்படி?"

"காண்டா இருக்குல்ல தம்பி."

"எங்க இருக்கு?"

"இருக்கு." தோளில் குறுக்குக் கம்பு, இரண்டு முனையிலும் ரப்பர்ப் பால் வாளி, சிந்தினால் அன்றைய உழைப்பு மண்ணோடு போகும். மாதவியின் அம்மா வாளியை இறக்கிவைத்துப் பல வருஷம் ஆன பிறகும், கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும், தளும்பாமல்தான் நடந்தாள். சாகிறவரைக்கும் அப்படித்தான்.

படம் முடிந்து, வேலை செய்தவர்களுக்கு மட்டும் போட்டுக் காட்டினார்கள். அன்றைக்குத்தான் மாதவி முழுக் கதையையும் பார்த்தாள். தும்பை என்று ஒரு சிறுமி. அம்மாவைத் தொலைத்தவள். அவளுக்கு ஒரு மந்திரக் கம்பு கிடைக்கிறது. அதை வைத்து யாரையும் ஜெயிக்கலாம்; ஆனால் ஒவ்வொரு ஜெயத்துக்கும் அம்மாவைப் பற்றிய ஒரு ஞாபகம் போய்விடும். குரல் போகிறது, மணம் போகிறது, முகம் போகிறது. எதிரே வேங்கைக்கோன். அவனும் ஒரு காலத்தில் அதே கம்பை வைத்திருந்தவன்தான். ஜெயித்து ஜெயித்து எல்லா ஞாபகத்தையும் இழந்து, தான் யாருக்கு என்ன உறவு என்பதுகூடத் தெரியாமல் ஊரை ஆள்கிறவன். அவன் யார்?

தும்பையின் தாய்மாமன்.

மாதவி இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்த புனிதன் மெதுவாக, "செத்தோம்" என்றான்.

ஏனென்றால் ஷாமினிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ரந்தாவ் கோயில் மண்டபத்தில், அடுத்த மாதம். மணவறையில் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் வந்து பட்டம் கட்ட வேண்டும். சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நடந்து வரவேண்டும். அந்த இடத்தில் நிற்க மாதவிக்கு வேறு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. சித்தப்பா மகன், பெரியப்பா மகன் என்று யாரையாவது நிறுத்தலாம்தான். நிறுத்தினால் வருகிற சனம் முழுக்கப் பெண்ணைப் பார்க்காது, நிற்காதவரைத்தான் தேடும். "மாமா வரலன்னா எனக்குப் பட்டமே வேணாம்மா" என்று ஷாமினியும் சொல்லிவிட்டாள்.

முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான். வெற்றிலை, பழம், பூ எல்லாம் தாம்பாளத்தில் வைத்து மாதவியும் புனிதனும் காடி ஓட்டிக்கொண்டு தம்பினுக்குப் போனார்கள். சன்னாசி வாசலுக்கு வந்தார். வயிறு, நெஞ்சு, தலை. மாதவி கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டாள். பார்த்தால் காலுக்கு வந்துவிடும்.

"வாங்க மாப்பிள்ள. உக்காருங்க" என்றார் புனிதனிடம். "கூட வந்தவங்களையும் உக்காரச் சொல்லுங்க."

"உன்ன உக்காரச் சொல்றாரு" என்றான் புனிதன்.

"கேட்டுச்சு" என்றாள் மாதவி.

"பசியாறிட்டாங்களான்னு கேளுங்க மாப்பிள்ள."

"மச்சான், அவ ஒங்க தங்கச்சி. தமிழ்தான் பேசுறா. நான் என்ன இடையில கோர்ட்டு இன்டர்பிரட்டரா?"

அண்ணி வள்ளிநாயகி உள்ளேயிருந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வந்தாள். சன்னாசி சிரிக்கவில்லை. தாம்பாளத்தைப் பார்த்தார். தொடவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லுங்க" என்றார்.

சமையலறையில் அண்ணி மாதவியின் கையைப் பிடித்தாள். "வந்துருவாரு மாதவி. கொஞ்சம் எறங்கியிருக்காரு. போன வாரம் ஷாமினி சின்னப் புள்ளயா இருந்த போட்டோவ எடுத்துத் தொடச்சாரு. ஒண்ணும் புதுசா கௌறி விட்டுறாம இரு, போதும்."

"நான் எதுவும் கௌறல அண்ணி."

"ஆமா, நீ ஏதோ கம்புச் சண்டப் படத்துல நடிச்சியாமே? மக வயித்துப் பேரப்புள்ளைங்க பாக்கணும்னு குதிக்குதுங்க. இவரும் வர்றேன்றாரு."

மாதவி டீயைக் கீழே வைத்தாள். "அது நல்லாவே இல்ல அண்ணி!"

"பாத்துட்டியா?"

"பாத்தேன். ரொம்ப மோசம். புள்ளைங்களுக்குக் காய்ச்சல் வந்துரும்."

அன்று மாலையே யோகேந்திரனுக்குப் போன் போட்டாள். "தம்பி, அந்த வேங்கைக்கோன் காலை மட்டும் மாத்த முடியுமா? நொண்டியாக்கிருங்க. இல்லாட்டி குதிரை மேல ஏத்திருங்க."

"அக்கா, படம் தியேட்டருக்குப் போயிருச்சு லா!"

பேரப்பிள்ளைகளின் தியேட்டர் திட்டத்தை மாதவி முறித்துவிட்டாள். எப்படி என்றால், அதே ஞாயிற்றுக்கிழமை ஷாமினியோடு புடவை எடுக்க அண்ணியைச் சிரம்பானுக்கு இழுத்துக்கொண்டு போய், பிள்ளைகளையும் கூட்டிப் போய், கடை கடையாக ஏறி இறங்கி எல்லாரையும் களைக்க வைத்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். ஆனால் தோட்டத்து ஆட்களை அவள் கணக்கில் எடுக்கவில்லை. நம்ம தோட்டத்துப் பெண் படத்தில் வேலை செய்திருக்கிறாள் என்று தோட்டத்துப் பழைய மண்டபமான டேவானில் திரை கட்டினார்கள். யோகேந்திரன் புரொஜெக்டரோடு வந்தான். மாதவிக்கு மாலை மரியாதை. அத்தோடு நிற்கவில்லை, இப்போது கோயில் செயலாளராக இருக்கும் அந்த ராமசாமி மாமா, அவளைச் சந்தோஷப்படுத்துகிறோம் என்று, சிறப்பு விருந்தினர் ஒருவரையும் கூப்பிட்டிருந்தார். பொன்னாடை உண்டு என்று சொன்னார்களாம்.

சன்னாசி முன் வரிசையில் உட்கார்ந்தார். அடுத்த நாற்காலியில் புனிதன். அதற்கடுத்து மாதவி, மாலையோடு, பலிக்குக் கொண்டுவந்த ஆடு மாதிரி.

"மாப்பிள்ள, இதுல ஒங்க வீட்டுக்காரம்மா எந்த வேஷம்?"

"எல்லார் காலும் அவதான் மச்சான்."

விளக்கு அணைந்தது. படம் ஓடியது. பிள்ளைகள் கத்தினார்கள், கம்பு சுழன்றது, மூன்று கால் நாய்க்குக் கைதட்டல். பிறகு திரையில் ஒரு கோட்டைச் சுவர். அதில் ஒரு நிழல் மட்டும் விழுந்தது. முகம் இல்லை, புலித்தோல் இல்லை. நிழல் நடந்தது. வயிறு. நெஞ்சு. தலை. நின்றது. மோவாய் தூக்கியது. இடப்பக்கம், வலப்பக்கம்.

டேவானில் ஒரு சத்தம் எழுந்தது. சிரிப்பென்று அதைச் சொல்ல முடியாது. முன்னூறு பேர் ஒரே நேரத்தில் சிரிப்பை விழுங்குகிற சத்தம். பனியில் காலைப் பார்த்து ஆளைச் சொன்ன சனம் அல்லவா! ஒருவர் இருமினார். இன்னொருவர் செருப்பைத் தேடுகிற மாதிரி நாற்காலிக்கு அடியில் குனிந்து, அங்கேயே தங்கிவிட்டார். ராமசாமிக்கு வாயில் போட்ட கச்சான் கடலை புரையேறி, இரண்டு பேர் முதுகைத் தட்டிக்கொண்டே அவரை வெளியே கொண்டுபோனார்கள். வெளியிலிருந்து, சுவருக்கு அந்தப் பக்கம், யாரோ ஊளையிடுவது கேட்டது.

சன்னாசி பின்னால் திரும்பினார். "டேய், என்னாடா சத்தம்? வில்லன் வர்றான், பாக்க விடுங்கடா!"

மாதவி மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சாமந்தி மூக்கில் ஏறியது. பயமும் சிரிப்பும் ஒன்றாக வந்து தோள் குலுங்கியது. புனிதன் அவள் காலை மிதித்தான். அது ஓரளவுக்குத்தான் உதவியது. வேங்கைக்கோன் வரும்போதெல்லாம் அதேதான். ஆனால் சன்னாசி அவனை ரசித்தார். ஓர் இடத்தில் தொடையைத் தட்டி, "ஆளு நடக்குறான் பாருங்க மாப்பிள்ள, ஆம்பள!" என்றே சொன்னார். புனிதன் மேற்கூரையைப் பார்த்து மூச்சு விட்டான்.

கடைசிக் காட்சி வந்தது. தும்பைக்கு அம்மாவைப் பற்றி எதுவும் மிச்சமில்லை. கண்ணை மூடினால் பனி மட்டும்தான். பனிக்குள் முகமில்லாத ஒருத்தி நடந்து போகிறாள். குட்டிக் குட்டி எட்டு. வலது தோள் மட்டும் கொஞ்சம் தூக்கியிருக்கிறது.

தும்பை கம்பைக் கீழே போடுகிறாள். அதே நடையில் வேங்கைக்கோனை நோக்கி நடக்கிறாள். அவன் ஓங்கிய கையோடு நிற்கிறான். எல்லாம் மறந்தவனுக்கு அந்தத் தோள் மட்டும் மறக்கவில்லை. "நீ... எங்க வீட்டுப் புள்ளையா?" என்கிறான்.

இந்த முறை டேவானில் சத்தமே இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. சன்னாசி எழுந்தார். யாரையும் பார்க்காமல் பக்கக் கதவு வழியாக வெளியே போனார்.

போச்சு என்று நினைத்தாள் மாதவி. பட்டம் போச்சு, அண்ணன் போனார். மாலையைக் கழற்றிப் புனிதன் மடியில் போட்டுவிட்டு ஓடினாள்.

சன்னாசி டேவானுக்குப் பின்னால் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்தும் தண்ணீரை மூடவில்லை.

"அண்ணே, நான் வேணும்னு செய்யலண்ணே. சத்தியமா. தண்ணி குடிக்கப் போனேன், அவனுங்க—"

"அம்மாவ எங்க புடிச்ச?"

மாதவி நின்றாள். இரண்டு தீபாவளிக்குப் பிறகு, இடையில் ஆள் இல்லாமல் வந்த முதல் கேள்வி.

"அம்மா மொகமே இப்பல்லாம் எனக்குச் சரியா வர மாட்டேங்குது புள்ள" என்றார். "போட்டோவப் பாத்தாதான் வருது. அதுவும் போட்டோ மாதிரிதான் வருது. இங்க பாத்தேன், காண்டாவத் தூக்கிக்கிட்டு அப்படியே போவுது. 'ம்மா'ன்னு கூப்புடப் பாத்தேன். அசிங்கமாப் போயிருக்கும்." மூக்கை உறிஞ்சினார். "எப்படி நடந்த?"

"தெரியலண்ணே. நடந்தா வருது."

"ஹ்ம்." குழாயை மூடினார். பிறகு, ரகசியம் பேசுகிற மாதிரி, கொஞ்சம் குனிந்தார். "அந்த வேங்கைக்கோனையும் கண்டுபுடிச்சிட்டேன்."

மாதவி கையெடுத்துக் கும்பிடப் போனாள்.

"அப்பாதான அது?"

"...ஆங்?"

"எங்கிட்டயேவா? அப்பா செரவுக்குள்ள வருவாரே, வயித்த முன்னால விட்டுக்கிட்டு! நின்னு இந்தப் பக்கம் பாப்பாரு, அந்தப் பக்கம் பாப்பாரு, எவன் வேலை செய்யல, எவன் பீடி குடிக்கிறான்னு. ஆறுமுகம் மண்டோர்னா சும்மாவா! அச்சு அசலா அப்பா! உள்ள அவனுங்களும் கண்டுபுடிச்சுத்தான் சிரிச்சிருக்கானுங்க, என்ன?"

அப்பா செத்தபோது மாதவி சின்னப் பிள்ளை. அவர் நடந்தது அவளுக்கு நினைவில்லை. நினைவில் இருந்தது அண்ணன் மட்டும்தான். அண்ணனோ, பதினைந்து வயது வரைக்கும், கித்தா மர வரிசைகளுக்கு நடுவே செரவு செரவாக அந்த முதுகுக்குப் பின்னாலேயே நடந்தவர். இப்போது குழாயடி வெளிச்சத்தில் அவரைப் பார்த்தாள்: கை இரண்டும் பின்னால் கோத்திருந்தது, பாதம் இரண்டும் விரிந்திருந்தது. இத்தனை காலமும் அவள் அண்ணனை நடந்தாள் என்று நினைத்தாள். அண்ணன் யாரை நடந்துகொண்டிருந்தார்?

வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பியது. அது அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து ஒரு விக்கலாக வந்தது.

"ஆமாண்ணே," என்றாள். "அப்பாதான்."

"அப்படிச் சொல்லு." சன்னாசி பொன்னாடையால் முகத்தைத் துடைத்தார். "அன்னிக்குக் கல்யாணத்துல நீ என்னைய நடந்து காட்டுனன்னு சொன்னானுங்க. நான் அதப் பாக்கக்கூட இல்ல. எவன் சிரிச்சாலும் எனக்குப் பொறுக்கல. சரி, விடு. பத்திரிகைய எங்கிட்ட நேரா குடுத்தா என்னவாம்? மாப்பிள்ளைய முன்னால விட்டு நீ பின்னால நிக்கிற."

"நீங்கதானண்ணே எங்கிட்டப் பேசல!"

"நீ பேசுனியா?"

"பலகாரம் அனுப்புனேன்ல!"

"உப்பு கூடன்னு ஒங்க அண்ணி சொன்னா."

"டப்பாவப் பிரிக்கவே இல்லையே நீங்க!"

"பாத்தாலே தெரியும்" என்றார் சன்னாசி.

கல்யாணத்தன்று ரந்தாவ் கோயில் மண்டபத்தில் நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனபோது தாய்மாமன் சீர்த்தட்டோடு வாசலில் தோன்றினார். பட்டு வேட்டி, தோளில் பொன்னாடை. தட்டை ஏந்தியிருந்ததால் கையைப் பின்னால் கட்ட முடியவில்லை. அதற்கும் சேர்த்து வயிறு முன்னால் வந்தது. நடுவழியில் நின்றார். மோவாயைத் தூக்கினார்.

தோட்டத்துப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள்.

"வேங்கைக்கோன்! டேய், வேங்கைக்கோன் வர்றான்டா!"

சன்னாசி பின்னால் திரும்பிப் பார்த்தார். வாசலில் யாருமில்லை. தட்டோடு மணவறைக்கு வந்து, மாதவியின் காதருகே குனிந்தார்.

"யாரப் புள்ள கூப்புடுதுங்க இதுங்க?"

மாதவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அப்பாவண்ணே."

"அப்படியா?" என்றவர், வந்த வழியைத் திரும்பிப் பார்த்து, பிள்ளைகளுக்கு இன்னொரு முறை மோவாயைத் தூக்கிக் காட்டினார். மண்டபம் இடிந்து விழுந்தது. மணவறையில் ஷாமினி சிரித்த சிரிப்பில் தலை நிற்கவில்லை. "ஆடாத புள்ள, ஆடாத" என்று மாமா அதட்ட அதட்டப் பட்டம் ஒரு பக்கமாகத்தான் ஏறியது. கல்யாணப் படங்களில் எல்லாம் அது கோணலாகவே இருக்கிறது. நேராக்கவா என்று போட்டோக்காரர் கேட்டதற்கு, யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.